விமர்சனத்துக்குப் பின்னால் இருக்கும் நிபந்தனைகள்: வீடியோ கேம் இதழியலில் அறமும் பொறுப்பும்

2020 டிசம்பர் 7 அன்று சைபர்பங்க் 2077 விளையாட்டின் முதல் விமர்சனங்கள் வெளிவந்தன. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி 100-க்கு 90-ஐ ஒட்டி நின்றது. மூன்று நாள் கழித்து விளையாட்டு விற்பனைக்கு வந்தது. அதற்குள் 80 லட்சம் முன்பதிவுகள் குவிந்திருந்தன. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கன்சோல்களில், அதாவது தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிகளில், விளையாடியவர்களுக்கு அதிர்ச்சி. காட்சிகள் திக்கித் திணறின, பொருள்கள் தாமதமாக முளைத்தன, விளையாட்டு பாதியில் நின்றுபோனது. ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அந்தக் கடைக்கு அது திரும்பி வந்தது 2021 ஜூனில்தான்.

அப்படியானால் விமர்சகர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் கையில் இருந்தது கணினிக்கான பதிப்பு மட்டும். தயாரிப்பு நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் கன்சோல் பதிப்பை முன்கூட்டியே யாருக்கும் தரவில்லை. வெளியீட்டுக்கு முன் வரும் வீடியோ விமர்சனங்களில் விமர்சகர் தாமே பதிவு செய்த காட்சிகளைக் காட்டக் கூடாது, நிறுவனம் தரும் காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் நிபந்தனை போட்டிருந்தது. பல விமர்சகர்கள் கோளாறுகளைக் குறிப்பிட்டார்கள். கன்சோலில் பார்க்கவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் பழைய கன்சோல் வைத்திருந்த ஒருவர் கண்ணில் பட்டது 90 என்ற எண்ணும், நிறுவனம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பளபளப்பான காட்சிகளும்தான்.

கேம் இதழியலைப் பற்றிப் பேச்சு வந்தாலே "காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டு முதலில் வந்து நிற்கும். நேரடியாகப் பணம் கைமாறிய நிகழ்வுகளும் உண்டு, அவற்றைப் பின்னால் பார்ப்போம். ஆனால் யாரும் லஞ்சம் வாங்காமல், யாரும் பொய் சொல்லாமல், வாசகரிடம் தவறான சித்திரம் போய்ச் சேர முடிகிறது. அது எப்படி நடக்கிறது என்று புரிந்தால்தான் யாரைக் கேள்வி கேட்பது என்பது தெளிவாகும்.

அடிப்படை: யார் கையில் என்ன இருக்கிறது

விளையாட்டை உருவாக்குபவர் டெவலப்பர். முதலீடு போட்டு, விளம்பரம் செய்து, சந்தைக்குக் கொண்டுவருபவர் பப்ளிஷர். சில நேரம் இரண்டும் ஒரே நிறுவனமாக இருக்கும். செய்தித் தளம் ஒன்று பப்ளிஷரிடமிருந்து மூன்று விஷயங்களை எதிர்பார்க்கிறது:

1. ரிவ்யூ கோட். வெளியீட்டுக்கு முன்பே விளையாட்டைத் தரவிறக்கிக்கொள்ள உதவும் இலவசக் குறியீடு. இது இல்லையென்றால் மற்றவர்களோடு சேர்ந்து வெளியீட்டு நாளில்தான் வாங்க முடியும்.

2. அணுக்கம். இயக்குநரிடம் பேட்டி, ஸ்டூடியோவுக்குள் நுழைய அனுமதி, வெளியாகப்போகும் விளையாட்டை முன்னோட்டமாக ஆடிப் பார்க்கும் வாய்ப்பு. வாசகரை இழுக்கும் சரக்கு பெரும்பாலும் இதில்தான் கிடைக்கிறது.

3. விளம்பரம். தளத்தின் வருமானம்.

மூன்றும் ஒரே கையிலிருந்து வருகின்றன. திரைப்பட விமர்சகருக்குச் சிறப்புக் காட்சி அழைப்பு வராவிட்டால் பெரிய நட்டமில்லை. முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்து, அன்றைக்கே விமர்சனம் எழுதிவிடலாம். கேம் விமர்சகரால் அது முடியாது. பெரிய விளையாட்டு ஒன்றை முடிக்க 40, 60 மணி நேரம் ஆகும். வெளியீட்டு நாளில் வாங்கி ஆடி எழுதுவதற்குள் ஒரு வாரம் போய்விடும். தேடி வரும் கூட்டமோ முதல் இரண்டு நாளோடு கலைந்துவிடும். ஆகவே முன்கூட்டியே கிடைக்கும் அந்தக் குறியீடு ஒரு தளத்தின் வரவையே தீர்மானிக்கிறது. யாரும் வாய் திறந்து மிரட்டத் தேவையில்லை. அடுத்த முறை தராமல் போகலாம் என்ற நினைப்பே போதும்.

இந்தச் சார்பு நேற்று முளைத்தது இல்லை. 1988-ல் அமெரிக்காவில் தொடங்கிய நிண்டெண்டோ பவர் இதழ் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு விளையாட்டு உலகத்தின் ஜன்னலாக இருந்தது. அதை வெளியிட்டது கன்சோலும் விளையாட்டும் தயாரிக்கும் நிண்டெண்டோவேதான். விளம்பரமும் இதழியலும் ஒரே அட்டைக்குள் இருப்பதை வாசகரும் எழுத்தாளரும் இயல்பாக எடுத்துக்கொண்ட சூழலில்தான் இந்தத் துறை வளர்ந்தது. அரசியல் செய்தியாளருக்குப் பல பத்தாண்டுகளாகப் பழகிப்போன வரம்புகளை இவர்கள் பின்னால் வந்து, அதுவும் ஒவ்வொரு அடியாகப் பட்டுத்தான், கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

எம்பார்கோ: எப்போது நியாயம், எப்போது தந்திரம்

குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் வரை எதையும் வெளியிடமாட்டேன் என்று செய்தியாளர் ஒப்புக்கொள்வதுதான் எம்பார்கோ. கேட்டவுடன் தணிக்கை மாதிரி தோன்றும். உண்மையில் இதனால் வாசகருக்கு நன்மையும் இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில்தான் வெளியிட முடியும் என்றால் முந்திக்கொள்ளும் ஓட்டம் நிற்கும்; விமர்சகர் அவசரப்படாமல் முழுவதும் ஆடிவிட்டு எழுதலாம்.

கெடுவது நேரத்திலும் நிபந்தனையிலும்தான். 2014 நவம்பர் 11 அன்று பப்ளிஷரான யுபிசாஃப்டின் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி விளையாட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. விமர்சனங்களுக்கான எம்பார்கோ, விற்பனை தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் விலகியது. நள்ளிரவில் வாங்கியவர்கள் ஆட ஆரம்பித்து, பாத்திரங்களின் முகத்தோல் காணாமல் போய்க் கண்ணும் பல்லும் மட்டும் மிதப்பதைப் பார்த்தபோது, அதைப் பற்றி எழுதி முடித்திருந்த விமர்சகர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். யுபிசாஃப்ட் பின்னர் மன்னிப்புக் கேட்டு, கூடுதல் உள்ளடக்கத்தை இலவசமாகக் கொடுத்தது. விமர்சகர்கள் எதிலும் பொய் சொல்லவில்லை என்பது இங்கேயும் உண்மைதான். அவர்கள் போட்ட கையெழுத்து வாசகருக்கு எதிராக வேலை செய்தது.

இன்னொரு பப்ளிஷரான பெதெஸ்டா வேறு வழியை எடுத்தது. 2016 அக்டோபரில், இனிமேல் ரிவ்யூ பிரதிகளை வெளியீட்டுக்கு ஒரு நாள் முன்புதான் அனுப்புவோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த அதன் டூம் விளையாட்டு முன்கூட்டிய விமர்சனம் இல்லாமலே நல்ல பெயர் வாங்கியிருந்ததை உதாரணம் காட்டியது. இதில் ஒளிவுமறைவு இல்லை என்பது சரிதான். ஆனால் ஒரு நிறுவனம் விமர்சகரைத் தாண்டிச் சென்று முன்பதிவுப் பணத்தை வாங்கிக்கொள்ள முடியும் என்றால், விமர்சகரிடம் பேரம் பேசும் பலம் என்று ஒன்றும் மிஞ்சாது.

2007: ஒரு 6.0 மதிப்பெண்ணின் விலை

விளம்பரத்துக்கும் ஆசிரியர் குழுவுக்கும் நடுவில் சுவர் இருக்க வேண்டும் என்பது பத்திரிகைத் தொழிலின் பழைய பாடம். விளம்பரப் பிரிவு என்ன விற்கிறது என்பது எழுதுபவருக்குத் தெரியக் கூடாது; எழுதுபவர் என்ன எழுதப்போகிறார் என்பது விற்பவருக்குத் தெரியக் கூடாது. கேம்ஸ்பாட் தளத்தில் அந்தச் சுவர் இடிந்தது எல்லார் கண் முன்னாலும் நடந்தது.

2007 நவம்பரில் ஈடோஸ் நிறுவனம் கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென் விளையாட்டுக்காகக் கேம்ஸ்பாட்டின் முகப்பு முழுவதையும் விளம்பரத்தால் நிறைத்திருந்தது. அதே தளத்தில், அதே விளம்பரங்களின் நடுவே, தளத்தின் மூத்த ஆசிரியர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் எழுதிய விமர்சனம் வந்தது. மதிப்பெண் 10-க்கு 6.0. மாதம் முடிவதற்குள் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரதாரரின் அழுத்தத்தால்தானா என்று வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் மறுத்தது. கெர்ஸ்ட்மனோ ஒப்பந்தத்தால் கட்டப்பட்டு எதுவும் பேச முடியாத நிலையில் இருந்தார்.

உண்மை வெளிவர நாலு ஆண்டுக்கு மேல் ஆனது. அவர் 2008-ல் தொடங்கிய ஜயண்ட் பாம்ப் தளத்தை, கேம்ஸ்பாட்டின் உரிமையாளரான சிபிஎஸ் இன்டராக்டிவ் 2012 மார்ச்சில் வாங்கியது. அந்தப் பேரத்தின் பகுதியாக வாய்ப்பூட்டு கழன்றது. விளம்பரதாரர்கள் பணத்தைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னபோது எப்படிச் சமாளிப்பது என்று தெரியாத புதிய நிர்வாகம் தன்னை வெளியேற்றியது என்று அவர் கேமராவுக்கு முன்னால் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. விமர்சகர் வளைந்துகொடுக்கவில்லை. தவறு நடந்தது அவருக்கு மேலே. "விமர்சகர்கள் விலைபோகிறார்கள்" என்ற பொதுவான குற்றச்சாட்டு இந்த இடத்தில் ஆளை மாற்றிப் பிடிக்கிறது.

2. தண்டனையைப் பார்த்தவர்கள் மற்ற விமர்சகர்கள். 6.0 போட வேண்டிய இடத்தில் இனி 7 போடுவோர் எத்தனை பேர் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. இந்த மாதிரி அழுத்தத்தின் மிக மோசமான விளைவு, நடக்காமல் போகும் விமர்சனங்கள்தான்.

3. வேலை நீக்க ஒப்பந்தத்தில் இருக்கும் "நிறுவனத்தைப் பற்றித் தவறாகப் பேசக் கூடாது" என்ற விதி, வாசகருக்குச் சேர வேண்டிய உண்மையை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்க முடிந்தது. பொறுப்புக் கேட்பதற்கு இருக்கும் மிகப் பெரிய தடை இந்த ஒரு வரி.

அன்பளிப்பும் நட்பும்

2012 அக்டோபரில் ஒரு படம் இணையமெங்கும் சுற்றியது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெஃப் கீலி உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் மேசையில் டொரிட்டோஸ் சிப்ஸ் பொட்டலமும் மவுண்டன் டியூ பாட்டில்களும், இன்னொரு பக்கம் ஹேலோ 4 விளம்பரத் தட்டி. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராப் ஃப்ளாரன்ஸ் யூரோகேமர் தளத்தில் அந்தப் படத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். செய்தியாளர்களும் மக்கள் தொடர்பு ஆட்களும் எவ்வளவு நெருக்கமாகிவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். பிரிட்டனில் நடந்த விருது விழா ஒன்றில் டோம்ப் ரெய்டர் விளையாட்டின் பெயரைக் குறிச்சொல்லாகப் போட்டு ட்வீட் செய்தால் பிளேஸ்டேஷன் 3 பரிசு என்று போட்டி வைத்ததையும், அதில் செய்தியாளர்களே கலந்துகொண்டதையும் குறிப்பிட்டார். அதைத் தவறில்லை என்று வாதிட்ட ஒருவரின் ட்வீட்டையும் மேற்கோள் காட்டினார். சட்ட நடவடிக்கை வரலாம் என்ற நிலையில் யூரோகேமர் சில பத்திகளை நீக்கியது. ஃப்ளாரன்ஸ் அந்தத் தளத்தில் தொடராக எழுதிவந்ததையே நிறுத்திவிட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து, 2014-ல் பாரிஸில் வாட்ச் டாக்ஸ் முன்னோட்ட நிகழ்ச்சிக்குப் போன செய்தியாளர்களுக்கு யுபிசாஃப்ட் ஆளுக்கொரு நெக்சஸ் 7 டேப்லட் கொடுத்தது. செய்தி வெளியே வந்ததும், அது தங்கள் கொள்கைக்குப் பொருந்தாது என்று நிறுவனமே ஒத்துக்கொண்டது.

ஒரு டேப்லட்டுக்காக யாரும் தன் கருத்தை விற்கமாட்டார்கள் என்று சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் விமானச் சீட்டு, நட்சத்திர ஓட்டல், விருந்து, அப்புறம் ஒரு டேப்லட் என்று வரிசையாக வரும்போது, கொடுப்பவர் முகத்துக்கு நேராக "உங்கள் விளையாட்டு சரியில்லை" என்று எழுதுவது கடினமாகிறது. பயணச் செலவைத் தளமே ஏற்க வேண்டும், முடியாவிட்டால் யார் கொடுத்தார்கள் என்று கட்டுரையிலேயே சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது இதனால்தான்.

2014: தவறான இடத்தில் தோண்டியவர்கள்

"கேம் இதழியலில் அறம்" என்ற சொல்லே பலருக்கு 2014-ல் வெடித்த கேமர்கேட் என்ற இணையக் கொந்தளிப்பை நினைவுபடுத்தும். ஆகவே அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

2014 ஆகஸ்டில், இலவசமாக வெளியிடப்பட்ட சிறிய விளையாட்டு ஒன்றை உருவாக்கிய பெண்ணைப் பற்றி அவருடைய முன்னாள் காதலர் இணையத்தில் நீண்ட பதிவு ஒன்றை எழுதினார். அதிலிருந்து, கொட்டாக்கு என்ற கேம் செய்தித் தளத்தின் செய்தியாளர் ஒருவர் அந்தப் பெண்ணோடு இருந்த உறவுக்காக அந்த விளையாட்டைப் பாராட்டி விமர்சனம் எழுதினார் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. கொட்டாக்குவின் ஆசிரியர் ஸ்டீவன் டொட்டிலோ பழைய கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தார். அந்தச் செய்தியாளர் அந்த விளையாட்டுக்கு விமர்சனமே எழுதியதில்லை. அந்தப் பெண்ணைக் குறிப்பிட்டு அவர் கொட்டாக்குவில் எழுதிய ஒரே கட்டுரையும் உறவு தொடங்குவதற்கு முந்தையது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்தப் பெண்ணும், விளையாட்டுகளில் பெண்கள் சித்தரிக்கப்படும் விதத்தை ஆராய்ந்து வந்த அனிட்டா சார்கீசியனும், இன்னும் பலரும் மாதக்கணக்கில் கொலை மிரட்டலுக்கும் பாலியல் வன்முறை மிரட்டலுக்கும் ஆளானார்கள். 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச வேண்டிய சார்கீசியன், துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்ற மிரட்டல் வந்த பிறகும் அரங்குக்குள் ஆயுதத்தைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றதால், உரையை ரத்து செய்தார். இதை அறத்துக்கான போராட்டம் என்று அழைப்பதை ஏற்க முடியாது.

ஒரு விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டும். கமாசூத்ரா தளத்தில் வந்த கருத்துக் கட்டுரை ஒன்று பிடிக்காமல் கேமர்கேட் ஆட்கள் விளம்பரதாரர்களுக்கு மின்னஞ்சல் குவித்தார்கள். இன்டெல் அக்டோபரில் விளம்பரத்தை நிறுத்தியது; எதிர்ப்பு வந்ததும் நவம்பரில் திரும்பி வந்தது. எழுத்து பிடிக்கவில்லை என்றால் விளம்பரப் பணத்தை வைத்து நெருக்குவது என்பது 2007-ல் கேம்ஸ்பாட்டில் நடந்த அதே அநியாயம். அறத்தின் பெயரால் அதைத்தான் மறுபடி செய்தார்கள்.

சில நடைமுறைகள் அந்தக் காலத்தில் இறுகின என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ரசிகர்கள் படைப்பாளிகளுக்கு ஆதரவுத் தொகை அனுப்பும் பேட்ரியான் தளம் வழியாக டெவலப்பருக்குப் பணம் தரும் செய்தியாளர்கள் பற்றிக் கொட்டாக்கு, பாலிகான் போன்ற தளங்கள் விதி வகுத்தன. வெளிப்படுத்தல் குறிப்புகள் கூடின. ஆனால் விதிகள் இறுகிய இடம் சின்ன மனிதர்களுக்கு நடுவே இருந்த சின்னத் தொகைகள். பெரிய பணம் அதே மாதங்களில் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

பணம் யூடியூபுக்குப் போனது

2014 செப்டம்பர் 30 அன்று மிடில் எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டோர் விளையாட்டு வெளிவந்தது. அதன் பப்ளிஷரான வார்னர் பிரதர்ஸ் ஒரு விளம்பர முகமை மூலமாக யூடியூபர்களை அமர்த்தியிருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், அதாவது எஃப்.டி.சி., 2016 ஜூலையில் வெளியிட்ட புகாரில் அந்த ஏற்பாட்டின் உள்விவரம் இருக்கிறது:

1. யூடியூபர்களுக்குச் சில நூறு டாலரிலிருந்து பல்லாயிரம் டாலர் வரை பணமும், முன்கூட்டியே விளையாட்டும் கொடுக்கப்பட்டன.

2. வீடியோ நல்லெண்ணத்தை வளர்க்க வேண்டும். கோளாறுகளைக் காட்டக் கூடாது.

3. பணம் வாங்கியதை வீடியோவிலேயே சொல்லச் சொல்லவில்லை. கீழே விளக்கப் பெட்டியில் போடச் சொன்னார்கள். 'மேலும் காட்டு' என்பதை அழுத்தினால் ஒழிய அது கண்ணில் படாது.

4. இந்தப் பிரச்சார வீடியோக்கள் 55 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன. அதில் 37 லட்சம் பிரபல யூடியூபர் பியூடிபையின் ஒரே வீடியோவுக்கு.

இந்த நான்கில் இரண்டாவதுதான் என் பார்வையில் மிக மோசம். பணம் வாங்கியதை மறைப்பது ஒரு குற்றம். வாங்கப்போகும் பொருளின் பழுதை மறைக்க ஒப்புக்கொள்வது அதைவிடப் பெரியது.

இது தனி நிகழ்வு இல்லை. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகத்துக்காக மெஷினிமா என்ற வலைப்பின்னல் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்ததை எஃப்.டி.சி. 2015 செப்டம்பரில் வெளியே கொண்டுவந்தது. ஒருவருக்கு 15,000 டாலர், இன்னொருவருக்கு 30,000 டாலர். 2017-ல் இன்னும் ஒரு படி மேலே. சிஎஸ்கோ லாட்டோ என்ற சூதாட்டத் தளத்தைத் தங்கள் ரசிகர்களுக்குப் பரிந்துரைத்த இரண்டு பிரபல யூடியூபர்கள், அந்தத் தளத்தின் உரிமையாளர்களே தாங்கள்தான் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். சமூக ஊடகப் பிரபலங்கள் மீது தனிநபர்களாக எஃப்.டி.சி. எடுத்த முதல் நடவடிக்கை அதுதான்.

இந்த வழக்குகளில் யாருக்கும் சிறை இல்லை. இனிமேல் செய்யமாட்டோம் என்ற கட்டுப்பாட்டு உத்தரவோடு முடிந்தன. நிபந்தனை போடும் பழக்கமும் போகவில்லை. 2024 மே மாதம் மார்வெல் ரைவல்ஸ் விளையாட்டின் சோதனைப் பதிப்புக்கான குறியீடு பெற்ற ஸ்ட்ரீமர்கள், அதாவது நேரலையில் ஆடிக் காட்டுபவர்கள், கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தில், விளையாட்டைப் பற்றி இழிவாகவோ கேலியாகவோ பேசக் கூடாது, எதிர்மறை விமர்சனம் செய்யக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. ஒரு ஸ்ட்ரீமர் கையெழுத்திட மறுத்து அதை வெளியே சொன்ன பிறகு விளையாட்டை வெளியிடும் நெட்ஈஸ் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, விதியை மாற்றுவதாகச் சொன்னது. கையெழுத்துப் போட்டுவிட்டு மௌனமாக இருந்தவர்களின் வீடியோவைப் பார்த்தவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

கதவடைப்பு

பப்ளிஷர் கோபத்தில் ஒரு தளத்தை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவதற்கு பிளாக்லிஸ்ட் என்று பெயர். ரிவ்யூ கோட் வராது, பேட்டி கிடைக்காது, மின்னஞ்சலுக்குப் பதில் இராது. 2015 நவம்பரில் கொட்டாக்கு தனக்கு நேர்ந்ததை எழுதியது. ஃபால்அவுட் 4 பற்றிய உள் ஆவணங்களை 2013-ல் வெளியிட்டதிலிருந்து பெதெஸ்டாவும், அடுத்த அசாசின்ஸ் கிரீட் பற்றி 2014-ல் எழுதியதிலிருந்து யுபிசாஃப்டும் கதவை அடைத்துவிட்டன. வெளியிட்ட செய்தி பொய் என்று இருவரும் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் உண்மையை எழுதியதற்குத்தான் தண்டனை.

2011-ல் ட்யூக் நூகெம் ஃபாரெவருக்கு மோசமான விமர்சனங்கள் குவிந்தபோது, அதன் மக்கள் தொடர்பு முகமையை நடத்தியவர், அடுத்த முறை யாருக்குப் பிரதி அனுப்புவது என்று யோசிக்கிறோம் என்று ட்விட்டரிலேயே எழுதிவிட்டார். பப்ளிஷரான 2கே அந்த முகமையை உடனே கைவிட்டது. பொதுவில் சொன்னதுதான் அங்கே சிக்கலானது.

கதவு அடைபட்டாலும் எழுதலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கொட்டாக்குவில் செசிலியா டி'அனஸ்டேசியோ, ரயட் கேம்ஸ் நிறுவனத்துக்குள் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை ஊழியர்களிடம் விசாரித்து விரிவாக எழுதினார். சில மாதங்களில் வழக்கு வந்தது. 2021 டிசம்பரில் ரயட் 10 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்தக் கட்டுரைக்கு ரிவ்யூ கோடும் தேவைப்படவில்லை, ஸ்டூடியோ சுற்றுலாவும் தேவைப்படவில்லை. நிறுவனத்தின் தயவில் கிடைக்கும் செய்திக்கும், நிறுவனத்தை மீறிக் கிடைக்கும் செய்திக்கும் உள்ள தூரம் இதுதான்.

84-க்கும் 85-க்கும் நடுவில்

மதிப்பெண் விஷயத்தில் அழுத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வருகிறது. 2010-ல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் மெட்டாக்ரிட்டிக்கில் 85 வாங்கினால் அதை உருவாக்கிய ஆப்சிடியனுக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது. கிடைத்தது 84. ஸ்டூடியோவின் கிறிஸ் அவலோன் இதை 2012-ல் சொன்னபோது, தான் போடும் ஒரு மார்க் யாரோ ஒருவருடைய வருமானத்தைத் தொடுகிறது என்பது விமர்சகர்களுக்கு உறைத்தது. பரிவு காட்டி மார்க்கைக் கூட்டினால் வாசகருக்குத் துரோகம். இங்கே திருத்த வேண்டியது ஒப்பந்தத்தை எழுதிய பப்ளிஷரின் பழக்கத்தை.

முதலாளி யார்?

ஒரு செய்தியாளரின் நேர்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், தளத்தின் உரிமையாளர் யார் என்ற கேள்வி கடைசியில் வந்தே தீரும். கேம் இன்ஃபார்மர் இதழ் நெடுங்காலம் கேம்ஸ்டாப் என்ற விற்பனைச் சங்கிலியின் சொத்து. விளையாட்டை விற்கும் கடையே விமர்சன இதழையும் நடத்தியது. 2024 ஆகஸ்டில் கேம்ஸ்டாப் இதழை மூடியபோது, இணையதளத்தின் மொத்தக் காப்பகத்தையும் ஒரே நாளில் காணாமல் ஆக்கிவிட்டது. 2025 மார்ச்சில் இதழ் உயிர்பெற்றது. இந்த முறை உரிமையாளர் கன்ஸில்லா கேம்ஸ் என்ற கேம் ஸ்டூடியோ. எழுதுபவர்களுக்கு முழுச் சுதந்திரம் என்று உறுதி தரப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த ஸ்டூடியோவின் விளையாட்டைப் பற்றி அங்கே வரும் ஒவ்வொரு வரியையும் வாசகர் இரண்டாம் முறை யோசித்துத்தான் படிப்பார், படிக்கவும் வேண்டும்.

ஐ.ஜி.என். என்ற கேம் செய்தித் தளம் 2017-ல், விளையாட்டுகளை விற்கவும் வெளியிடவும் செய்துவந்த ஹம்பிள் பண்டில் நிறுவனத்தை வாங்கியது. 2024 மே மாதம் யூரோகேமர் உள்ளிட்ட கேமர் நெட்வொர்க் தளங்களையும் அதன் குழுமம் வாங்கியது. போட்டியாளர்களாக இருந்தவர்கள் ஒரே கூரைக்குக் கீழ் வந்தால், ஒருவர் தவறை இன்னொருவர் சுட்டிக்காட்டும் வழக்கம் மங்கும். இதை லஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. பொறுப்புக் கேட்கும் ஆட்கள் குறைகிறார்கள், அவ்வளவுதான்.

எதிர்த்திசையில், எழுதுபவர்களே உரிமையாளராக இருந்து சந்தாவில் நடக்கும் முயற்சிகள் வந்திருக்கின்றன. 2023-ல் தொடங்கிய ஆஃப்டர்மாத், 2025-ல் தன் ஊழியர்கள் கைக்கே வந்த ஜயண்ட் பாம்ப் ஆகியவை அப்படிப்பட்டவை. விளம்பரதாரரின் பிடி தளர்கிறது. சந்தாதாரருக்குப் பிடித்த விளையாட்டைக் குறை சொன்னால் சந்தா போய்விடும் என்ற புது நெருக்கடி அந்த இடத்தில் வரலாம். ஆனாலும் இரண்டில் எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றால் இதைத்தான்.

பொறுப்பு நடைமுறையில் எப்படி இருக்கும்

2018 ஆகஸ்டில், டெட் செல்ஸ் விளையாட்டுக்கான ஐ.ஜி.என். விமர்சனம் தன் வீடியோவை ஒத்திருக்கிறது என்று ஒரு சிறிய யூடியூபர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஐ.ஜி.என். விமர்சனத்தை நீக்கி, எழுதியவரை வேலையிலிருந்து விலக்கி, வாசகரிடமும் அந்த யூடியூபரிடமும் மன்னிப்புக் கேட்டு, வேறொருவரை வைத்துப் புது விமர்சனம் எழுத வைத்தது. தவறு நடக்காத தளம் என்று எதுவும் கிடையாது. நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதை இப்படி வெளியிலிருந்து பார்க்க முடிய வேண்டும்.

ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது வாசகர் தேடிப் பார்க்க வேண்டியவை:

1. எந்தக் கருவியில், எவ்வளவு நேரம் ஆடி எழுதப்பட்டது? மற்ற கருவிகளில் பார்க்காவிட்டால் அது மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறதா?

2. பிரதி எப்படிக் கிடைத்தது? நிறுவனம் கொடுத்ததா, விலைக்கு வாங்கியதா?

3. காட்சிகள் யாருடையவை?

4. வாங்குவதற்கான இணைப்பை அழுத்தினால் தளத்துக்குக் கமிஷன் போகிறதா?

5. எழுதியவருக்கு அந்த ஸ்டூடியோவில் நண்பரோ உறவினரோ முன்னாள் வேலையோ உண்டா? இருந்தால் குறிப்புப் போடுவது போதாது, விமர்சனத்தை வேறொருவர் எழுத வேண்டும்.

6. பின்னால் திருத்தியிருந்தால், எதைத் திருத்தினார்கள் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா, அல்லது சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்களா?

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்? பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பதை வெளிப்படுத்தச் சொல்லும் எஃப்.டி.சி. வழிகாட்டுதல்கள் 2023-ல் புதுப்பிக்கப்பட்டன. போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை எல்லாம் பணத்தையும் பொய்யையும் பற்றியவை. சொந்தக் காட்சியைக் காட்டாதே, இந்தப் பதிப்பை மட்டும் ஆடு, பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பேசு என்ற நிபந்தனைகள் பெரும்பாலும் இந்த வலைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை வாசகருக்குச் சொல்லக்கூடியவர்கள், அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்கள் மட்டுமே. நிபந்தனையின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று தாளிலேயே எழுதியிருந்தால், அந்த நிபந்தனையை மறுத்துவிட்டு, விளையாட்டை வெளியீட்டு நாளில் காசு கொடுத்து வாங்கி, விமர்சனம் ஏன் தாமதமாகிறது என்று முதல் பத்தியில் எழுதும் வழி எந்தத் தளத்துக்கும் திறந்தே இருக்கிறது.